வராதவளுக்குப் போன பாடம்

வராத பிள்ளையின் பெயரை நான் இரண்டு முறை கூப்பிடுவேன். ஒருமுறை கூப்பிட்டு, பேனாவைப் பதிவேட்டின் மேல் கிடத்திவிட்டு, நிமிர்ந்து வகுப்பைப் பார்த்து, மறுபடி ஒருமுறை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இப்படித்தான். அப்படிக் கூப்பிடுகிறேன் என்பதே எனக்குத் தெரியாது. தும்மியதும் மூக்கைத் தேய்ப்பவருக்குத் தாம் தேய்ப்பது தெரியாது அல்லவா, அந்த மாதிரி.

பள்ளியில் என் கடைசி நாள். வயது முடிந்து வந்த ஓய்வல்ல. ஐம்பத்து மூன்றில், தொண்டை இனி வகுப்பறைக்கு ஆகாது என்று மருத்துவர் சொன்னபின் நானாகக் கேட்டு வாங்கிய ஓய்வு. பக்கத்து வகுப்பு நித்யா, வேலைக்கு வந்து இரண்டே வருடமான பெண், கேக்கை வாயில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"மேம், தப்பா எடுத்துக்காதீங்க. வரலைன்னு தெரிஞ்ச அப்புறமும் அந்தப் பேரை ஏன் இன்னொரு தடவை கூப்பிடறீங்க? ஸ்டாஃப் ரூம்ல பெட்டே கட்டியிருக்கோம்."

"என்னன்னு?"

"காது கேக்கலையா, பாசமான்னு."

இரண்டும் இல்லை என்றேன். பிறகு என்ன என்று அவள் கேட்கவில்லை. அவள் கையில் கைப்பேசி இருந்தது. இப்போதெல்லாம் வருகைப்பதிவு அதில்தான். வராத பெயரைத் தொட்டால் சிவப்பாகும், அனுப்பு என்று அழுத்தினால் போய்விடும். எங்கே போகும்? தெரியாது. ஆனால் ஒரு காலத்தில், ஒரு பள்ளியில், வராத பெயர் எங்கே போனது என்று எனக்குத் தெரியும். செம்மண் பாதையில், ஜல்லி லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி, ஒரு பத்து வயதுப் பெண்ணின் வாயில் ஏறிக்கொண்டு கல்குவாரிக்குப் போனது. நித்யாவுக்குச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

எண்பத்தொன்பது ஜூன். எனக்கு இருபத்தொரு வயது. இரண்டு வருட ஆசிரியர் பயிற்சியில் நினைவிருப்பது, கரும்பலகையில் வரி மேட்டில் ஏறாமல் எழுதக் கற்றது மட்டுமே. பல்லாவரத்தில் மின்சார ரயில் ஏறித் தாம்பரத்தில் இறங்கி, கிழக்குப் பக்கம் வந்து பஸ் பிடித்து, சேலையூரைத் தாண்டி, கண்டக்டர் "குவாரி ஸ்டாப்" என்று கத்தும் இடத்தில் இறங்கி, இரண்டு மைல் நடந்தால் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி. ஓடு வேய்ந்த இரண்டு அறை. நடுவில் பாதி உயரத்துக்கே எழும்பி மனம் மாறிவிட்ட ஒரு சுவர். ஐந்து வகுப்பு, நாற்பத்தேழு பிள்ளைகள், இரண்டு ஆசிரியைகள். பிள்ளைகள் எங்களுக்கு வைத்த பெயர் பெரிய டீச்சர், சின்ன டீச்சர்.

பெரிய டீச்சர் என்றால் எஸ்தர் டீச்சர், தலைமையாசிரியை. சாக்பீஸை மூன்றாக உடைத்து ஒரு துண்டுதான் தருவார். மதிய இடைவேளையில் கையடக்க ரேடியோவைக் காதோடு ஒட்டி கிரிக்கெட் ஸ்கோர் கேட்பார், நம்மவர் அவுட்டானால் அடுத்த மணி நேரம் எல்லாரும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். முதல் நாளே என்னிடம், "நாலு, அஞ்சு நீ எடுத்துக்கம்மா. ஒண்ணாங்கிளாஸுக்குத்தான் அனுபவம் வேணும்" என்றார். அதை நான் கிண்டல் என்று நினைத்தேன்.

அவர் பாடம் நடத்துவதை அரைச்சுவருக்கு மேலாகப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பகல் பன்னிரண்டரைக்குக் குவாரியில் விசில் ஊதும். வெடி வைக்கப்போகிறார்கள் என்று அர்த்தம். பிள்ளைகள் சொல்லாமலே சிலேட்டைக் கவிழ்த்து, கண்ணை மூடிக்கொள்வார்கள். டீச்சர் கையில் சாக்பீஸ் உயர்ந்தபடி அப்படியே நிற்பார். "காவிரி ஆறு குடகுல பொறந்து, மேற்கே..." என்று நின்றிருக்கும் வாய். வெடி. தரை ஒருமுறை மூச்சு வாங்கும். ஓட்டிலிருந்து தூசி சலித்தாற்போல் இறங்கும். தூசி அடங்கியதும் டீச்சர், "...போகல ராசா, கிழக்கே வந்துச்சு" என்று முடிப்பார். விட்ட இடத்தில் எடுப்பார். ஒரு சொல்கூடத் திரும்பச் சொல்ல மாட்டார். மலையே உடைந்தாலும் வாக்கியம் உடையாது.

ஆனால் அந்தப் பள்ளியின் நிஜமான வழக்கம் காலை வருகைப்பதிவு. பதிவேட்டில் காலைக்கு ஒரு சாய்கோடு, பிற்பகலுக்கு எதிர்ச் சாய்கோடு. வராவிட்டால் சிவப்பு மையில் ஒரு சுழி. எல்லாப் பள்ளியிலும் அதுதான். இங்கே சுழி போடுவதற்கு முன் டீச்சர் பேனாவைக் கிடத்திவிட்டு அந்தப் பெயரை இன்னொரு முறை கூப்பிடுவார். அந்த இரண்டாவது அழைப்பு வராதவருக்கு அல்ல, வந்தவர்களுக்கு. யாராவது ஒரு பிள்ளை எழுந்து, "நா கொண்டுபோறேன் டீச்சர்" என்று சொல்ல வேண்டும். சொன்னபின்தான் சுழி.

கொண்டுபோவது பாடத்தை. அன்று நடந்த பாடம் அன்று மாலைக்குள் வராதவர் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். நோட்டுப் புத்தகம் கொடுத்தனுப்பக் கூடாது. "நோட்டக் குடுத்தா நோட்டுதான் போகும், பாடம் போகாது" என்பார் டீச்சர். வாயால்தான் கொண்டுபோக வேண்டும். நாலரை மணிக்கு வாசலில் அவர் குடையை ஊன்றிக்கொண்டு நிற்பார். "இன்னைக்கு என்ன எடுத்துக்கினு போற, காட்டு" என்று பிள்ளைகள் பாஷையிலேயே கேட்பார். கொண்டுபோகிறவர் மூன்று நிமிடத்தில் சொல்லிக் காட்ட வேண்டும். பாத்திரம் ஒழுகுகிறதா என்று பார்ப்பது போலக் காதைச் சாய்த்துக் கேட்பார். ஒழுகினால் ஓட்டையை அடைத்து அனுப்புவார். இன்னொன்று, வெறுங்கையோடு திரும்பக் கூடாது. வராதவரிடமிருந்து ஒரு கேள்வி வாங்கி வர வேண்டும். மறுநாள் முதல் பாடமே அந்தக் கேள்விதான்.

எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. கொஞ்சம் எரிச்சலாகவும். காய்ச்சல்காரப் பிள்ளைகூட நிம்மதியாகப் படுக்க முடியாத ஊர் என்று என் அக்காவிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

ஐந்தாம் வகுப்பில் அஞ்சலை என்று ஒருத்தி. கேள்வியாகவே பிறந்தவள். நான் எழுதி முடிப்பதற்குள் அடுத்த வரி என்ன என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அவள் பக்கத்தில் தேவகி. ஐந்தாம் வகுப்பு வந்தும் எழுத்துக் கூட்டத் தெரியாதவள். ஆனால் காது! நான் சொன்ன பாடத்தை நான் தொண்டையைச் செருமிய இடத்தில் செருமி, நான் "கவனி, கவனி" என்று இரண்டு முறை சொல்வதையும் சேர்த்து, அப்படியே ஒப்பிப்பாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நான் அதைக் குறும்பு என்று நினைத்து ஒருமுறை பெஞ்சில் ஏற்றி நிற்க வைத்தேன்.

ஆகஸ்டில் அஞ்சலையின் அம்மா கன்னியம்மாவுக்கு ஜல்லி உடைக்கும்போது கண்ணில் சில்லு தெறித்தது. எழும்பூருக்குக் கொண்டுபோனார்கள். ஒரு கண் போய்விட்டது. அப்பா கிடையாது. அம்மாவின் சுத்தியலை அஞ்சலை எடுத்துக்கொண்டாள். மறுநாள் டீச்சர் அவள் பெயரை இரண்டாவது முறை கூப்பிட்டதும் வகுப்பு அமைதியாக இருந்தது. குவாரி தூரம், லாரி வேறு. தேவகி எழுந்தாள். "நா கொண்டுபோறேன் டீச்சர்."

எனக்குச் சிரிப்பு வந்தது. படிக்கத் தெரியாதவள் எதைக் கொண்டுபோவாள்? டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் சிரிப்பை விழுங்கினேன்.

அக்டோபரில் எஸ்தர் டீச்சர் வயிற்று அறுவைசிகிச்சைக்காக விடுப்பில் போனார். பள்ளிப் பொறுப்பு என்னிடம். அடுத்த வாரமே கடிதம் வந்தது, நவம்பரில் கல்வி அலுவலர் ஆண்டாய்வுக்கு வருகிறார் என்று. கரும்பலகையின் மூலையில் தினமும் எழுதுவோமே, பதிவு இத்தனை, வருகை இத்தனை. அந்த இரண்டு எண்களும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி பிடித்தது. தகுதிகாண் பருவம் வேறு. காய்ச்சல்காரர்களை எல்லாம் கெஞ்சி அழைத்து வந்துவிடலாம். அஞ்சலை? அவள் பெயருக்கு நேரே மூன்று மாதமாகச் சுழிகள், சிவப்பு எறும்பு வரிசை மாதிரி.

தொடர்ந்து வராத பிள்ளையின் பெயரை, வீட்டுக்குத் தகவல் சொல்லிவிட்டு நீக்கலாம் என்பது விதி. 'தகவல் சொல்லிவிட்டு' என்பதை நான் வேகமாகப் படித்துவிட்டேன். ஸ்கேலை வைத்து, சிவப்பு மையில், நேராக ஒரு கோடு. கோடு கோணாமல் வந்ததில் எனக்குத் திருப்தி என்பதையும் எழுதிவிடுகிறேன்.

மறுநாள் காலை பெயர்களை வாசித்துக்கொண்டே போனேன். தேவகி எழுந்து நின்றாள்.

"டீச்சர், அஞ்சலைய வுட்டுட்டீங்க."

"அவ பேரை எடுத்தாச்சு தேவகி."

"எடுத்து எங்க வெச்சீங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். அவள் சிரிக்கவில்லை. உட்கார் என்றேன். உட்கார்ந்தாள். அன்றிலிருந்து வாசலில் யாரும் அவளிடம் பாடத்தைச் சொல்லிக் காட்டச் சொல்லவில்லை. காலையில் கேள்வி கொண்டு வந்தாயா என்று கேட்கவும் இல்லை. நீக்கப்பட்ட பெயருக்கு ஏது பாடம், ஏது கேள்வி?

அலுவலர் வந்தார். நாற்பத்தாறு, நாற்பத்தாறு. "பதிவும் வருகையும் திருப்தி" என்று பார்வைப் புத்தகத்தில் எழுதினார். அன்று மாலை தாம்பரத்தில் ஸ்வீட் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

பொங்கல் கழித்து டீச்சர் திரும்பி வந்தார், இளைத்து, குடையில் பாதி பாரத்தைச் சாய்த்துக்கொண்டு. முதல் வேலையாகப் பதிவேட்டைத் திறந்தார். சிவப்புக் கோட்டின் மேல் விரலை வைத்து நகர்த்தினார், ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும்.

"அஞ்சலைக்கு யாரு கொண்டுபோறா?"

"பேரை நீக்கியாச்சு டீச்சர். ரூல்படிதான்..."

"பேரைத்தானே நீக்கின?" என்றார். அவ்வளவுதான். ரேடியோவை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

அந்தக் கேள்வி என்னை அரிக்கவில்லை என்றால் பொய். ஆனால் என்னை எழுப்பியது அது அல்ல. பிப்ரவரியில் ஒருநாள், வேறு யாரும் கை தூக்காததால், தேவகியைத் தமிழ்ப் பாடம் வாசிக்கச் சொன்னேன். ஒப்பிப்பாள், கொஞ்சம் சிரிக்கலாம் என்று. நான் இன்னும் நடத்தாத பாடம் அது. அவள் விரலை வைக்காமல் வாசித்தாள். நின்று, மூச்சு வாங்கி, பொருள் பிரித்து, ஒரு பக்கம். வகுப்பு வாயைத் திறந்து உட்கார்ந்திருந்தது. ஒன்பது மாதத்தில் நான் அவளுக்கு ஓர் எழுத்துகூடப் புதிதாகச் சொல்லித்தரவில்லை.

"டியூஷன் போறியா தேவகி?"

"ஆமா டீச்சர்."

"எங்க?"

"கல்லாண்ட."

அன்று மாலை அவளுக்குப் பின்னால் போனேன். அவளுக்குத் தெரியாமல்தான். ஒரு ஆசிரியை தன் மாணவியைத் திருடனைப் போலப் பின்தொடர்வது எப்படியிருக்கும் என்று அன்று தெரிந்தது.

குவாரியை நான் அதுவரை கிட்டத்தில் பார்த்ததில்லை. பாதை சட்டென்று தீர்ந்து, மலைக்குள் ஒரு பள்ளம். மலையைத் தலைகீழாகக் கவிழ்த்து அச்செடுத்தது போல அவ்வளவு ஆழம். அடியில் பச்சைத் தண்ணீர், அதில் மீனம்பாக்கத்துக்கு இறங்கும் விமானம் ஒன்று தலைகீழாகப் போயிற்று. விளிம்பில், ஓலைத் தடுப்பின் நிழலில், ஜல்லிக் குவியல்களுக்கு நடுவே பெண்கள். டக், டக், டக். சின்னதாக ஒரு முதுகு. அஞ்சலை. இடது கையில் டியூப் ரப்பர் வளையம், அதற்குள் கல் சிதறாமல் உட்கார்ந்திருக்க, வலது கையில் சுத்தி. தேவகி எதிரில் குந்தி உட்கார்ந்தாள். நான் ஒரு குவியலுக்குப் பின்னால் நின்றேன்.

தேவகி தொண்டையைச் செருமினாள். என் செருமல்.

"கவனி, கவனி. சதுரத்தோட பரப்பளவு, பக்கம் பெருக்கல் பக்கம். பக்கம் ரெண்டுன்னா பரப்பளவு நாலு."

டக், டக். அஞ்சலையின் கை நிற்கவில்லை. தலை மட்டும் ஆடியது. என் பாடம், என் குரலின் ஏற்ற இறக்கத்தோடு, கல் உடையும் சத்தத்தின் இடுக்கில் நுழைந்து நுழைந்து போய்க்கொண்டிருந்தது. அப்புறம் மணியடிக்கப்போகும் நேரத்தில் யாரோ கேட்ட ஒரு கேள்வி, அதற்கு நான் போகிறபோக்கில் சொன்ன பதில்.

"பக்கம் ரெண்டு மடங்கானா பரப்பளவும் ரெண்டு மடங்காவும். அவ்ளோதான், பைய எடுங்க."

சுத்தி நின்றது.

"தப்பு" என்றாள் அஞ்சலை.

"இன்னாடி தப்பு? டீச்சர் சொன்னாங்க."

"டீச்சர் சொன்னா? கல்லு அப்டி சொல்லல பாரு."

நாலு ஜல்லியை எடுத்தாள். தரையைப் புறங்கையால் துடைத்து, ரெண்டுக்கு ரெண்டாக வைத்தாள். பக்கத்திலேயே நாலுக்கு நாலாக இன்னொரு சதுரம் வைத்தாள். ஒவ்வொரு கல்லும் ஒரே அளவு. அவள் உடைத்த கல். "எண்ணு."

தேவகி எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று... குவியலுக்குப் பின்னால் நானும் எண்ணினேன். பதினாறு. இரண்டு மடங்கல்ல, நாலு மடங்கு. பயிற்சிப் பள்ளி, சான்றிதழ், நியமன ஆணை, பார்வைப் புத்தகத்துத் திருப்தி எல்லாம் அந்தப் பதினாறு கல்லுக்கு முன்னால் நின்றன. வெட்கம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது வேறு. கோயிலில் திரை விலகும்போது வருமே, கை தானாகச் சேர்கிற அது.

"டீச்சராண்ட போய்ச் சொல்லு. கேள்வியா கேளு" என்றாள் அஞ்சலை.

"எப்டிடி கேக்கறது? யாரு கேட்டான்னு கேப்பாங்க. ஒம் பேருதான் இல்லியே அங்க."

அஞ்சலை சதுரங்களைக் கையால் கலைத்துக் குவியலோடு சேர்த்தாள். "சரி, நீ படி" என்றாள். தேவகி பையிலிருந்து தமிழ்ப் புத்தகத்தை எடுத்துச் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தாள். டக், டக். புத்தகத்தைப் பார்க்காமலே, சுத்தியை நிறுத்தாமலே அஞ்சலை திருத்தினாள். "அது 'ழ'. நாக்க மடி. மறுபடி." டக். "இன்னொருவாட்டி."

இப்படித்தான் நடந்திருக்கிறது, நான் கோடு போட்ட நாளுக்கு முன்பும் பின்பும், ஒருநாள் விடாமல். வாசலில் சோதிக்க ஆள் இல்லாமல், கேட்க ஆள் இல்லாமல். ஒருத்திக்குக் காதும் கால்களும் இருந்தன, இன்னொருத்திக்குக் கண்ணும் மூளையும் இருந்தன. இருவரும் சேர்ந்து, என் பாடத்தைக் கொண்டே, என்னைவிட நல்ல ஒரு பள்ளியை ஜல்லிக் குவியலின் பின்னால் நடத்திக்கொண்டிருந்தார்கள். நான் அடைத்தது ஒரே ஒரு வழியை. கேள்வி திரும்பி வரும் வழியை.

ஓசைப்படாமல் திரும்பி நடந்தேன்.

மறுநாள் காலை கரும்பலகையில் இரண்டு சதுரம் வரைந்து, "நேத்து நான் தப்பா சொன்னேன். இது அஞ்சலை கேட்ட கேள்வி" என்றேன். தேவகி என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். இடைவேளையில் எஸ்தர் டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுதேன் என்றும் நினைக்கிறேன்.

"அழுகையெல்லாம் அப்புறம். ஏப்ரல்ல பரீட்சை. பேர் பதிவேட்டுல இல்லாத பொண்ணுக்கு ரெக்கார்ட் ஷீட் எழுத முடியாது. அது இல்லாம எந்த ஹைஸ்கூல்லயும் ஆறாவதுல உக்கார வெக்க மாட்டாங்க. மறுபடி சேக்கணும், அதுக்கு அவங்க அம்மா வந்து கைநாட்டு வெக்கணும். போய்க் கூட்டிட்டு வா."

"நீங்களும் வாங்க டீச்சர்."

"நானா? கோடு போட்டது உன் கைம்மா."

கன்னியம்மா வீடு என்பது குவாரி ஓரத்தில் தகரமும் ஓலையும். நான் போனபோது மத்தியானம். அவர் வாசலில் உட்கார்ந்து ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தார். ஒரு கண் பால் மாதிரி வெளுத்திருந்தது. இடது கை விரல்கள் நாலிலும் துணி சுற்றியிருந்தது.

"இன்னா டீச்சர், இம்மாந்தூரம்?"

நான் தயார் செய்துகொண்டு போன பேச்சு ஒன்று இருந்தது. படிப்பின் அருமை, பெண் குழந்தையின் எதிர்காலம். ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நா அனுப்ப மாட்டேன்னு சொன்னனா? ஒரு கண்ணுல பாத்தா கல்லு ஒரு எடத்துல கீது, சுத்தி ஒரு எடத்துல வுழுது. வெரலப் பாரு. தீவாளிலேர்ந்து பயகிகினு கீறேன், புள்ளைய அனுப்பணும்னுதான். தை பொறந்தா அனுப்பிடலாம்னு இருந்தேன். அப்பாலதான் தேவகி சொல்லிச்சு, பேர அட்ச்சிட்டாங்கன்னு. பேரே இல்லாத எடத்துக்கு எப்டி டீச்சர் புள்ளைய அனுப்பறது?"

அந்த வாசலில் எனக்கு உட்காரத் தோன்றியது. உட்கார்ந்தேன்.

"நான்தான் அடிச்சேன். உங்ககிட்ட வந்து சொல்லணும், சொல்லாமலே அடிச்சேன்."

கன்னியம்மா ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரித்தார். "உனுக்கு ரெண்டு கண்ணு இருந்தும் சுத்தி தப்பாத்தான் வுழுந்துகீது போ" என்றார். எழுந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "கைநாட்டுதானே? வா."

ஆனால் வருடக் கடைசியில் ஐந்தாம் வகுப்புக்கு மறுசேர்க்கை என்றால் அலுவலர் கையெழுத்து வேண்டும். மார்ச்சில் வந்தார். அதே அலுவலர். சேர்க்கைப் பதிவேடு மேசையில் விரித்திருந்தது. ஒரு பக்கம் கன்னியம்மா, அஞ்சலை. கதவோரம் யாரும் கூப்பிடாமலே தேவகி.

"என்ன மேடம் இது? நவம்பர்ல நான் வந்தப்போ பதிவு, வருகை கரெக்டா டேலி ஆச்சே. அப்போ இந்தப் பொண்ணு எங்க இருந்தா?"

எஸ்தர் டீச்சர் என் பக்கம் கையைக் காட்டினார். நான் எழுதி வைத்திருந்த விளக்கக் கடிதத்தை நீட்டினேன். வீட்டுக்குத் தகவல் சொல்லாமல், ஆய்வுக்காக, நான்தான் நீக்கினேன் என்று. படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "ப்ரொபேஷன்ல இருக்கறவங்க இப்படி எழுதிக் குடுக்கறாங்களா? சரி. பாப்பா, இங்க வா."

வாசிக்கச் சொன்னார், வாசித்தாள். கணக்குக் கொடுத்தார், சிலேட்டில் போட்டுக் காட்டினாள். இன்னொன்று கொடுத்தார், கொஞ்சம் கடினமாக. அதையும் போட்டுவிட்டு, "இது சரியா சார், நீங்க போட்டுப் பாருங்க" என்றாள். அவர் சிரித்துவிட்டார். பேனாவை எடுத்தார். கட்டம் கட்டமாக வரிசையில் போன பேனா ஓரிடத்தில் நின்றது.

"முன்னர்ப் பயின்ற பள்ளின்னு ஒரு கட்டம் இருக்கு. இதுல என்ன எழுதறது? ஏழு மாசமா எங்கம்மா படிச்ச?"

"தேவகியாண்ட படிச்சேன் சார்" என்றாள் அஞ்சலை.

"இல்ல சார், பொய் சொல்றா" என்று கதவோரத்திலிருந்து குரல். "நாந்தான் இவளாண்ட படிச்சேன்."

"யாருடி சொன்னது டெய்லி வந்து?"

"யாருடி புரிய வெச்சது?"

"அய்ய, சும்மா இருங்கடி ரெண்டு பேரும், சார் எழுதட்டும்" என்றார் கன்னியம்மா.

அலுவலர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "எஸ்தர் மேடம், இதை நான் எப்படி..." அப்போது குவாரியில் விசில் ஊதியது. எல்லாரும் கண்ணை மூடினோம். அவர் மட்டும் என்ன ஏது என்று தெரியாமல் பேனாவோடு விழித்திருந்தார். வெடித்தது. தூசி இறங்கியது, பதிவேட்டின் மேல், அவர் வழுக்கையின் மேல், அந்தக் காலிக் கட்டத்தின் மேல். எஸ்தர் டீச்சர் குனிந்து, அந்தக் கட்டத்தை மட்டும் முந்தானை நுனியால் துடைத்தார்.

"இதே பள்ளின்னு எழுதுங்க சார்" என்றார். "பாடம் இங்கேருந்துதான் போச்சு."

எழுதினார். அம்மா கட்டைவிரலை மையில் அழுத்தி, துணி சுற்றாத அந்த ஒரு விரலை, தாளில் வைத்தார். அஞ்சலை தேர்வு எழுதினாள். ஜூனில் இரண்டு ரெக்கார்ட் ஷீட்களோடு இரண்டு பெண்கள் சேலையூருக்கு ஆறாம் வகுப்பு படிக்கப் போனார்கள். இரண்டையும் என் கையால் எழுதினேன். என் தகுதிகாண் பருவத்தை ஆறு மாதம் நீட்டினார்கள். அது எனக்கு அதிகமாகப் படவில்லை.

ஆனால் நான் இரண்டு முறை கூப்பிடுவதற்குக் காரணம் இது எதுவும் இல்லை. அலுவலர் வந்துபோன மறுநாள் காலைதான் காரணம்.

டீச்சர் பதிவேட்டை என்னிடம் தள்ளினார், நீயே கூப்பிடு என்று. சிவப்புக் கோட்டை அழிக்க முடியாது, அது அங்கேயே இருந்தது. கடைசி வரியில் புது எண், பழைய பெயர். ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு வந்தேன். கடைசியில், "அஞ்சலை."

பதில் இல்லை. அவள் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள், சுத்தி இல்லாத கையை மடியில் வைத்துக்கொண்டு, பேச்சு வராமல். பேனாவைக் கிடத்தினேன். நிமிர்ந்தேன். மறுபடி, "அஞ்சலை" என்றேன்.

தேவகி சட்டென்று எழுந்தாள்.

"நா கொண்டுபோறேன் டீச்சர்."

பக்கத்திலிருந்து ஒரு கை அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தது.

"ஒக்காருடி. நா வந்துட்டேன்."